பச்சைப் பிடி

மங்களாம்பிகைக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. திருப்பனந்தாள் கடைத்தெருவில் அவளுடைய இரும்புக் கடைக்கு மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பதினோரு மாதமாக ஒரே பாட்டுதான். பச்சைப் பிடி போட்டது நல்ல கார்பன் ஸ்டீல், துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது, கூர் நிற்கும். சிவப்புப் பிடி போட்டது வெறும் எவர்சில்வர் தகடு, பளபளப்போடு சரி. எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பயிர்பச்சையோடு கிடக்கிற ஜனத்துக்குப் பிடிக்கும் என்று அந்தப் பச்சையையும் அவளேதான் தேர்ந்தெடுத்திருந்தாள். இன்றைக்கு அதைக் கை கழுவிவிட்டாள். சாயங்காலம் கத்திக் கம்பெனி ஏஜென்ட் பிரபு வந்து பச்சை முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்வான். இனிமேல் தகடு மட்டும்தான் விற்கவேண்டும். பெட்டியில் அடுக்க அடுக்க, தோற்றுப்போன மாதிரி இருந்தது.

அப்போது கண்ணுசாமி வந்தார். வாழைக்கொல்லைகளில் இலை அறுப்பவர். இந்த வருஷம் அவருக்கு இது நாலாவது கத்தி.

“சிவப்பு ஒண்ணு குடுங்கம்மா. பழசு மொண்ணையாப் போச்சு.”

“எத்தனை தடவைண்ணே சொல்றது? பச்சைய எடுத்திருந்தா ஒரு கத்தியோட முடிஞ்சிருக்கும். உங்களுக்குக் கலர்தான் பெரிசு.”

அவர் கோபப்படவில்லை. பெட்டியிலிருந்து பச்சை ஒன்றை எடுத்து விரித்து, கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல இரும்புதாம்மா. கொல்லையில கைதவறி விழுந்தா? கீழ பூரா பச்சை இலை. எங்கேன்னு தேடுறது? எங்க ஆளு ஒருத்தன் உங்க பேச்சக் கேட்டு வாங்கி, மூணாம் நாளே தொலைச்சிட்டான். சிவப்பு மொண்ணையானாலும் கையில இருக்கும்ல?”

அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை பேரையும் மனசுக்குள் முட்டாளாக்கி வைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

“இதை ஏண்ணே இத்தனை நாளா சொல்லல?”

“நீங்க எங்கம்மா கேட்டீங்க? இரும்பப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

கொக்கியில் தொங்கிய சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துப் பச்சைப் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதை வாசல் புல்லில் போட்டுவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

“தெரியுது” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

பிரபுவின் வண்டி வந்தபோது அவள் ஏழாவது கத்திக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இது திரும்பப் போக வேணாம் தம்பி, இங்கயே இருக்கட்டும். இதே இரும்பு சிவப்புப் பிடியில வருமா?”

“எப்பவும் வருதேக்கா. பச்சைதான் வேணும்னு நீங்கதானே அடம் பிடிச்சீங்க.”

அவள் எட்டாவது கத்தியை எடுத்தாள்.