பேரம் படியாத நாலு புள்ளி

துணிக்கடைக்காரர் வாழ்நாளில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியவரில்லை. அப்பேர்ப்பட்டவர் அன்று தங்கையின் ஆய்வுக்கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தங்கைக்கு நாலு வருஷமாக ஒரே வேலை. பால் புரதம் ஒரு முழுத் துணிச்சுருள் என்று அண்ணனுக்கு விளங்கும்படி சொல்லியிருந்தாள். அதைச் சின்னச் சின்ன கட்பீஸாக வெட்டினால் பெப்டைடு. அதில் சில, ரத்தக்குழாயை இறுக்கும் நொதியின் கையைக் கட்டிப்போடும். குழாய் தளரும், பிரஷர் இறங்கும். நிஜமாகவே இறங்குகிறதா என்று பார்க்கத்தான் பிரஷர்காரர்கள் நாற்பது பேருக்கு எட்டு வாரம் தினம் ஒரு பாட்டில் பானம். அண்ணனும் அவருக்குத் தெரிந்த இரும்புக்கடைக்காரர் ஒருவரும் அந்த நாற்பதில் அடக்கம். பாதிப் பேருக்குப் பெப்டைடு கலந்த அசல் சரக்கு, மீதிப் பேருக்கு அதே ருசியில் வெறும் பானம். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது, அவளுக்கே தெரியாது.

"என்னண்ணே, முழியே சரியில்லையே?"

"அந்த இரும்புக்கடைக்காரனுக்கு மளமளன்னு இறங்குச்சும்மா. சரக்கு அவன் பாட்டில்லதான்னு பட்டுச்சு. அதான் என்னோடது ரெண்டு குடுத்து அவனோடது ஒண்ணு... மேல ஒரு சட்டைத்துணி."

"பேரம் பேசி மாத்திக்கிட்டீங்களா?"

"மூணு கேட்டான். ரெண்டுக்கு முடிச்சேன்."

அவள் பெயர்ப் பட்டியலை இழுத்துப் பேனாவை எடுத்தாள். "ரெண்டு பேரையும் அடிச்சிடறேன்."

"ஐயோ! முப்பத்தெட்டு பேர்ல முடிவு நிக்குமா?"

"நிக்காமலும் போகலாம்."

"நாலு வருஷ உழைப்பும்மா! யாருக்குத் தெரியப்போகுது? சரி, அவனை அடி. என்னை வெச்சுக்கோ."

"இது உங்க கடை இல்லண்ணே."

இரண்டு கோடு விழுந்தது. எத்தனையோ மொத்த வியாபாரிகளை மடக்கியவர், கையில் இருப்பதே போய்விடும் என்று தெரிந்தும் அசையாத ஆளை அன்றுதான் பார்த்தார். உறை பிரிக்கும் நாள்வரை அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உறை பிரித்த அன்று தங்கையின் போன் வந்தது. "நின்னுடுச்சுண்ணே! அசலைக் குடிச்சவங்களுக்கு மத்தவங்களைவிட பிரஷர் சராசரியா நாலு புள்ளி கூடுதலா இறங்கியிருக்கு. மாத்திரைக்கு மாத்து இல்ல, துணைதான். இன்னும் நிறைய பேருக்குக் குடுத்துப் பாக்கணும்."

"என் பாட்டில்ல என்ன இருந்துச்சு?"

"அசல். அதைத்தான் ரெண்டுக்கு ஒண்ணுன்னு தள்ளியிருக்கீங்க."

"அப்போ அவனுக்கு எப்படி இறங்குச்சு?"

"வெறும் பானத்துக்கும் சிலருக்கு இறங்கும்ணே. அதுல ஏமாறக் கூடாதுன்னுதான் பாதிப் பேருக்கு வெறும் பானம்."

தன்னைப் போன்ற ஆசாமிகளை முன்கூட்டியே எடைபோட்டு வைத்திருக்கிறாளே என்று அவர் தங்கையை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

மறுநாள் இரும்புக்கடைக்காரர் துணிக்கடைக்குள் நுழைந்தார். "பத்து புள்ளி இறங்குமாமே?"

"நாலு."

"ஊரெல்லாம் பத்துங்கறாங்க. ஒரு எட்டுன்னாவது சொல்லேன்யா."

"நாலுதான்யா. அரைப்புள்ளி ஏத்த மாட்டேன். போய் மாத்திரையை ஒழுங்கா முழுங்கு."