மோசமில்லை

பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த பின் வந்த திங்கட்கிழமை காலை, ஆர்டிஸ் கோல்ஸ்டாட் தன் இரண்டு பக்க அறிக்கையின் இறுதி வாக்கியத்தை எழுதி முடித்து, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை. எழுவாய் தொக்கி நின்றது. தெற்கு டகோட்டாவின் கிழக்குப் பகுதியில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசும்போது அது தொக்கி நிற்பதே மரியாதை. 'மொத்தத்தில், மோசமில்லை' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தேதியிட்டுக் கையெழுத்திட்டாள்.

அறிக்கை லைல் ப்ரோஹாஸ்காவைப் பற்றியது. ஓல்ஸ்டாட் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் அவர் ஒன்பது ஆண்டுகளாக ஸ்பெஷல் டீம் பயிற்சியாளர். கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதே பெரும்பாலான வேலையாக உள்ள அந்த ஆட்டத்தில், பந்தைக் காலால் உதைக்க நேரும் சில தருணங்களில் மட்டும் ஒரு தனிக் குழு களத்தில் இறங்கும். சில நொடிகளில் வெளியேறிவிடும். அக்குழு தன் வேலையைச் சரியாகச் செய்தால் பார்வையாளர்கள் அந்நேரத்தில் காப்பி வாங்கப் போயிருப்பார்கள். ஒருமுறை சறுக்கினால் ஊர் முழுவதும் அதையே பேசும். தலைமைப் பயிற்சியாளர் ஓய்வு பெற்றுவிட்டதால், அந்த இடத்துக்கு ப்ரோஹாஸ்காவை உயர்த்தலாமா என்று அறிய விரும்பினார் புதிதாக வந்திருந்த விளையாட்டுத்துறை இயக்குநர். வார நாட்களில் பதிவாளர் அலுவலகத்தில் மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்ப்பவளும், சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு மேலேயுள்ள கண்ணாடி அறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு உதையையும் குறித்துவைப்பவளுமான ஆர்டிஸைவிட அதற்குத் தகுந்தவர் இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

அந்த யாரோ அறியாத ஒன்று இருந்தது. ஆட்டம் நடந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஏழு பத்துக்கு, ஆர்டிஸ் தேவாலயத்துக்குக் கிளம்புவதற்கு முன், ப்ரோஹாஸ்கா அவளைத் தொலைபேசியில் அழைப்பார். கேட்பது ஒரே எண். "எதிராளி எங்கேருந்து ஆரம்பிச்சான், ஆர்டிஸ்?" நாம் உதைத்த பந்து போய் நின்ற பிறகு எதிரணி எந்தக் கோட்டிலிருந்து தன் ஆட்டத்தைத் தொடங்கியது என்பதன் சராசரி. எண் குறையக் குறைய எதிரணி ஓட வேண்டிய தூரம் கூடும். பத்துக் கல்லூரிகள் சேர்ந்த போட்டிச் சங்கம் வெளியிடும் பட்டியலில் அந்த எண் கிடையாது. ஆர்டிஸ் தன் நோட்டுப்புத்தகத்தில் பென்சிலால் தனியே கணக்கிட்டு வைத்திருந்தாள். அவள் எண்ணைச் சொன்னதும் அவர் "ம்" என்பார். பிறகு காற்றைப் பற்றி ஏதாவது சொல்வார். தன் முழங்காலைப் பற்றி. மனைவி சுட்ட எலுமிச்சைக் கேக் கல்லாகிப்போனதைப் பற்றி. "நம்ம உதைக்கிற பையன் அதை உதைச்சா அவனுக்குக் கால்தான் உடையும்" என்பார். நான்கு நிமிடம், நல்ல வாரமாக இருந்தால் பதினொன்று. அவளுடைய மற்ற அழைப்புகள் பல் மருத்துவமனையின் பதிவுசெய்த குரலும், கிறிஸ்துமஸ் அன்று அரிசோனாவிலிருந்து முன்னாள் கணவர் நார்ம் பேசுவதும்தான். குளிர் தாங்கவில்லை என்று சொல்லி நார்ம் கிளம்பிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எந்தக் குளிர் என்று அவள் கேட்கவில்லை.

தலைமைப் பயிற்சியாளரின் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு மணிக்கு வானொலி நிகழ்ச்சி. எட்டுக்கு நன்கொடையாளர்களுடன் சிற்றுண்டி. பிறகு மாலை வரை கூட்டங்கள். எதிராளி எங்கிருந்து தொடங்கினான் என்று அந்தப் பதவியில் இருப்பவர் கேட்பதில்லை. வேறொருவர் கேட்டுத் தாளில் கொண்டுவந்து கொடுப்பார். அறிக்கை மிக நன்றாக இருந்தால் அவர் மேலே போய்விடுவார். மிக மோசமாக இருந்தால் ஊரைவிட்டே போய்விடுவார். நடுத்தரமாக இருந்தால் மட்டுமே அவர் இருக்கும் இடத்தில் இருப்பார். இதை அவள் நினைத்துப் பார்த்தாளா என்றால், நினைத்துப் பார்க்காமலிருக்க இரண்டு நாள் முயன்றாள் என்பதே சரியான விடை.

அவள் எதையும் மறைக்கவில்லை. பத்துக் கல்லூரிகளில், எதிராளி திரும்ப ஓடிவந்ததைக் கழித்த உதையின் நிகரத் தூரத்தில் ஏழாவது இடம். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதில் ஐந்தாவது. இவ்வாண்டு எதிரணி தடுத்துவிட்ட நம் உதைகள் மூன்று. தன் நோட்டுப்புத்தகத்து எண்ணையும் இரண்டாம் பக்கத்தில் எட்டாவது நிரலில் சேர்த்திருந்தாள். எதையும் மறைக்கவில்லை, எதையும் சுட்டிக்காட்டவுமில்லை.

இயக்குநர் ராஸ்கோ பெர்டூ டெக்ஸாஸ்காரர். நான்கு மாதங்களுக்கு முன்னால் வந்தவர். பனியிலும் தோல் பூட்ஸை விடாதவர். எல்லாப் பெண்களையும் 'மேடம்' என்பார். ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு முறையும் தங்களுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆர்டிஸ் தன் அறைக்குக் கொண்டுவந்து கொடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தை அவர் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"மேடம், உங்க நேர்மைக்கு நான் தலைவணங்கறேன்" என்றார். "மனுஷன் ஒன்பது வருஷமா உங்க கண்ணு முன்னாடியே இருக்காரு. கூசாம எழுதிட்டீங்க பாருங்க. ஏழாவது இடம், மூணு உதை தடுக்கப்பட்டிருக்கு, மோசமில்லை. அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் பட்டுது. அவர் இப்ப இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். கான்ஸஸ்லேருந்து ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரையே போட்டுடறேன்."

"சரி" என்றாள் ஆர்டிஸ்.

"காப்பி?"

"வேண்டாம், நன்றி."

அவள் வெளியே வந்து கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டாள். அவள் விரும்பியது நடந்திருந்தது. அதற்காக அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்த எவரும் அந்த வாக்கியத்தைப் படித்தால், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். அவளுடைய தந்தை, தன் அறுபது ஆண்டுகளில் ஒரே ஒரு கோதுமை விளைச்சலை அப்படிச் சொன்னார். அவருடைய அடக்கத்தின்போது பாதிரியார் அவரையும் அதே சொல்லால் குறிப்பிட்டபோது, அம்மா அடக்க முடியாமல் அழுதாள். பெர்டூவுக்கு அது தெரியாது. பெர்டூவுக்கு அது தெரியாது என்பது ஆர்டிஸுக்குத் தெரியும். கையெழுத்திடும்போதும் தெரிந்துதான் இருந்தது. வாக்கியத்தில் பிழை இல்லை. படிப்பவரைத் தெரிந்துகொண்டே எழுதியதில் இருந்தது.

மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, மறுபடி கதவைத் தட்டினாள்.

"சொல்லுங்க மேடம்."

"கடைசி வரியை நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"மோசமில்லைன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா. அதைத்தான்."

பெர்டூ அறிக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மோசமில்லைன்னா உங்க ஊர்ல என்னங்க அர்த்தம்?"

"அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப ரொம்ப நல்லா இருந்தா?"

"அதுதான் ரொம்ப நல்லா இருக்கிறது."

"அதைவிட நல்லா இருந்தா என்ன சொல்வீங்க?"

ஆர்டிஸ் யோசித்தாள். "பேச்சை மாத்திடுவோம்" என்றாள்.

பெர்டூ நாற்காலியில் பின்னால் சாய்ந்து வெடித்துச் சிரித்தார். "கடவுளே, போன வாரம் என் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டம்மா என் சமையலை மோசமில்லைன்னாங்க. நான் அவங்க வீட்டுப் பக்கமே பார்க்கிறதில்லை!" பிறகு, அவள் சிரிக்காததைக் கண்டு, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சரி மேடம். டெக்ஸாஸ்காரனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஒருவரை அவர் இல்லாத இடத்தில் புகழ்வது, அவருடைய சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வது போன்ற கூச்சத்தை அவளுக்குத் தந்தது. எனவே எண்களிலிருந்து தொடங்கினாள். "எட்டாவது நிரலைப் பாருங்க. நாம உதைச்சதுக்கு அப்புறம் எதிராளி அவனோட இருபத்தொண்ணாவது கோட்டுலேருந்து ஆரம்பிக்கிறான். மத்த ஒன்பது கல்லூரியையும் நான் கணக்குப் போட்டிருக்கேன். அவங்க எதிராளி இருபத்தேழுல ஆரம்பிக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஆறு யார்டு. ஒரு ஆட்டத்துல பத்து தடவை. அறுபது யார்டு, யாரும் பார்க்காத அறுபது யார்டு. ஒன்பது வருஷமா இதுல நாமதான் முதல்."

"அப்ப அந்த மூணு உதை?"

இதற்குத்தான் அவள் பயந்தாள். தடுக்கப்பட்ட உதை யார் கணக்கிலும் சேராது. விதிப்படி 'அணி' என்ற வரியில் சேரும். பிழை நடந்தது, செய்தவர் பெயர் இல்லை. "மூணுல ரெண்டு தடவை களத்துல பத்து பேர்தான் இருந்தாங்க" என்றாள். "பதினோராவது ஆளை ஓய்வுக்காகப் பழைய தலைமைப் பயிற்சியாளர் பெஞ்சுல உட்கார வச்சுட்டாரு. கோச் ப்ரோஹாஸ்காகிட்ட சொல்லல. நான் மேலேருந்து எண்ணிப் பார்த்தேன். பத்திரிகைக்காரங்ககிட்ட கோச் தப்பு தன்னோடதுன்னு சொல்லிட்டாரு. மறுநாள் என்கிட்ட, 'நோட்டுலகூட யார் பேரும் வேண்டாம், ஆர்டிஸ். அணின்னே இருக்கட்டும், அந்த வரி அதுக்குத்தானே இருக்கு'ன்னாரு. நான் இருபத்திரண்டு வருஷத்துல மூணு பயிற்சியாளரைப் பார்த்திருக்கேன். இவர்தான் நல்லவர். நல்லாச் செய்யறவர். இவரைப் போடுங்க."

வாக்கியம் முடிந்ததும் காது நுனி வரை சூடேறியதை உணர்ந்தாள். பெர்டூ இப்போது சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எட்டாவது நிரலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"நீங்க ஏன் மேடம் முதல்லயே இதை எழுதல?"

"இடம் போதல" என்றாள் ஆர்டிஸ். அன்று அவள் சொன்ன ஒரே பொய் அது.

மைதானத்தின் வழியாகத்தான் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரவில் பெய்த பனி ஆறு அங்குலம் இருக்கும். நடுவில் ப்ரோஹாஸ்கா குனிந்து பூட்ஸால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க, கோச்?"

"பந்து நிறுத்தற ரப்பர் கட்டை. சனிக்கிழமை இங்கதான் விட்டுட்டுப் போனாங்க. ஏப்ரல்ல பனி உருகினா தானா கிடைக்கும்கிறா என் பொண்டாட்டி." அவர் நிமிர்ந்தார். மூக்கு சிவந்திருந்தது. "அந்த டெக்ஸாஸ்காரரைப் பார்த்தீங்களா? என்னைப் பத்தி எழுதச் சொன்னாராமே."

"எழுதினேன்."

"என்னைக் கிழிச்சுட்டீங்களா?"

"உள்ளதை எழுதினேன்."

"ம்" என்றார் அவர். அதற்கு மேல் அவர் கேட்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள். இருவரும் சற்று நேரம் ஒரே திசையில் பனியைக் கிளறினார்கள். காற்று வடமேற்கிலிருந்து வருகிறது என்றார் அவர். சனிக்கிழமை இருந்ததைவிடப் பரவாயில்லை என்றாள் அவள்.

மாடி ஜன்னல் திறந்தது. "கோச்!" என்று பெர்டூவின் குரல் மைதானம் முழுவதும் கேட்டது. "கொஞ்சம் மேல வர்றீங்களா?"

ப்ரோஹாஸ்கா ஆர்டிஸைப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டவர் போலவும், புரிந்துகொண்டதைக் காட்டிக்கொள்வது முறையல்ல என்று கருதியவர் போலவும், கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "போயிட்டு வர்றேன்" என்றார். முழங்கால் வலியை மறைக்காமல், அவசரப்படாமல் நடந்தார்.

ஆர்டிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். போகிற மனிதரைக் கோடுகளில் வைத்துப் பார்ப்பது அவளுடைய கண்ணின் பழக்கம். முப்பது, முப்பத்தைந்து என்று உதடுகள் தாமாகத் தொடங்கின. பனிக்கடியில் கோடுகள் எதுவும் தெரியவில்லை. இரு முனைகளின் கம்பங்களுக்கு இடையில் எல்லாம் ஒரே வெள்ளை. அவர் சிறிதாகிக்கொண்டே போனார், கதவைத் திறந்தார், கட்டடத்துக்குள் போனார். அவருக்கும் தனக்கும் இடையே இப்போது எவ்வளவு தூரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.