ரோஸ் பக்கெட் தெரிந்த படம்

ஆண்டி அண்ணன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் நிற்கும் சுவர் அவருடையது இல்லை, என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூரில் எங்கள் காலனி மலைச்சரிவில் படிப்படியாக இருக்கிறது. என் வீட்டுப் பின்பக்கத் தரையும் அவர் வீட்டுக் கூரையும் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் என் மண்ணைத் தாங்கிக்கொண்டு பன்னிரண்டு அடிக் கல்சுவர். அது சரிந்தால் எனக்குப் பின்பக்கம் போகும், அவ்வளவுதான். அடியில் இருப்பது அண்ணனும் மரகதம் அக்காவும்.

என் பெயர் வெற்றிச்செல்வன். வயது ஐம்பத்திரண்டு. வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் ஸ்டோர் கிளார்க். இருபத்தாறு வருஷம் லெட்ஜர் மேல் குனிந்தே கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. போன ஆடி மாசம் டாக்டர் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டு, "மூணு மாசம் குனியவே கூடாது. எதைப் பாக்கறதா இருந்தாலும் அது உங்க கண்ணுக்கு நேரா வரோணும்" என்று சொல்லிவிட்டார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் பிரீத்தி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒரு பார்சல் வந்தது. முதலில் போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கும் வளையும் ஸ்டாண்ட். அப்புறம் டேப்லெட்டுக்கு ஒன்று, பேப்பர் படிக்க ஒன்று. அலமாரியின் மேல்தட்டைக் கைப்பிடியால் இழுத்தால் மசாலா டப்பாக்கள் எல்லாம் இறங்கி மூக்குக்கு நேராக வந்து நிற்கும். ஏறி நின்றால் எடையைச் சுவரில் காட்டும் மெஷின் கூட வந்தது. கடைசியாக ஒரு கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தால் காலடியில் இருப்பது தெரியும். அதை மாட்டிக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவேன். என் மனைவி சுகந்தி முதல் நாள் சிரித்துச் சிரித்துச் சாம்பாரைக் கொட்டிவிட்டாள்.

எனக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. ஒவ்வொன்றையும் படம் பிடித்து காலனி வாட்ஸப் குரூப்பில் போட்டேன். செருப்பு ஸ்டாண்டைச் சுவரில் உயர்த்தி மாட்டிய படத்துக்கு டீக்கடை பாபு எழுதினான்: "ஏனுங்க வெற்றியண்ணா, செருப்புக்கு ஒரு மாலையும் போட்டு ஊதுபத்தி வெச்சுருங்க." நானும் சிரிக்கிற பொம்மை போட்டேன்.

புரட்டாசியில் ஒரு வேலை செய்தேன். கொத்தனார் பாண்டியனைக் கூப்பிட்டு, பின்பக்கம் அந்தக் கல்சுவரின் மேல் ஓரமாக நெஞ்சு உயரத்துக்கு சிமெண்ட் மேடை கட்டினேன். பாத்திரமும் துணியும் நின்றபடியே கழுவலாம். மேடைக்கு மேல் ஒரு கம்பி, அதில் கப்பி, கப்பியில் ஒரு ரோஸ் கலர் பக்கெட். கயிற்றை இழுத்தால் தண்ணீர் முகத்துக்கு நேராக வரும்.

பாண்டியன் அப்போதே கேட்டார். "ஏனுங்க, இந்த வாய்க்கா மேலயே கட்டச் சொல்றீங்களே, மழைத்தண்ணி எங்க போகும்?"

"ஒரு பைப்பு உட்டுருங்க பாண்டி," என்றேன்.

ரெண்டு இஞ்சு பைப் விட்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் குனியக் கூடாதே.

எங்கள் காலனியில் ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்காரன் சுவரோர வாய்க்காலைச் சுத்தம் பண்ணுவான். கீழ்வீட்டுக்காரர், சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகளில் கம்பி விட்டுக் குடைவார். பிறகு மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது ஓட்டை வழியாகக் கீழே வந்ததும் "வந்துருச்சு" என்று கத்துவார்கள். அதோடு ரெண்டு வீட்டுக்கும் டீ. பதினெட்டு வருஷமாக நான் ஊற்றுவேன், ஆண்டி அண்ணன் கத்துவார். இந்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியில் சாய்ந்து டேப்லெட்டில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கம்பி குடைகிற சத்தம் கேட்டது. கழுத்து சரியானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து மழை பிடித்தது. திங்கட்கிழமை ஆண்டி அண்ணன் குரூப்பில் ஒரு படம் போட்டார். அவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போனில் எழுத வராது, படம் மட்டும் போடுவார். ஈரமான கல்சுவர், அடியில் செம்மண் தண்ணீர். காலையில் சாமி படமும் பூப்படமும் வருகிற வரிசையில் இதுவும் வந்தது. எல்லாவற்றுக்கும் போடுவதுபோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை இதற்கும் போட்டேன்.

வியாழக்கிழமை இன்னொரு படம் போட்டார். அதே சுவர், நடுவில் கர்ப்பிணி வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது. பார்க்கவே பகீரென்றது. நான் உடனே எழுதினேன்: "எந்த ஏரியாங்க இது? பாவம். அந்த ஊட்டுக்காரங்க உடனே காலி பண்ணோணும். மேல இருக்கறவன் மனுசனா?"

இருபது பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். ஆண்டி அண்ணன் பதில் போடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரெண்டரை மணி. மழை மூன்று நாளாக விடவில்லை, கரண்டும் இல்லை. வேறு வேலை இல்லாமல் டேப்லெட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு குரூப்பில் பழையதை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயிறு தள்ளிய சுவர் வந்தது. விரலால் பெரிதாக்கினேன். வயிற்றைப் பார்த்தேன், கல் இடுக்கில் முளைத்த பெரணிச் செடியைப் பார்த்தேன். படத்தை மேல் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

அங்கே ரோஸ் கலரில் ஏதோ தொங்கியது.

அது என் பக்கெட். கப்பி, கம்பி, புது சிமெண்ட் மேடையின் ஓரம் எல்லாம் தெரிந்தது. குன்னூரில் பக்கெட்டைத் தலை உயரத்தில் தொங்கவிட்டிருக்கும் ஒரே வீடு என் வீடுதான்.

பதினெட்டு வருஷமாக அந்தச் சுவர் மேல் நின்றிருக்கிறேன். அதன் முகத்தை ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. அது கீழ்வீட்டுக்காரர்கள் பார்க்கிற பக்கம். அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சுகந்தி வந்து "என்னங்க, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?" என்றதும்தான் எழுந்தேன்.

சாப்பிடும்போது போடும் அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். மேடையைப் பிடித்துக்கொண்டு லேசாக முன்னால் சாய்ந்தேன். எதிரே மலையும் மேகமும் தெரிய வேண்டிய இடத்தில் என் கால் தெரிந்தது. காலுக்குப் பக்கத்தில் மேடைக்கும் தரைக்கும் நடுவே ஒரு பிளவு, என் கை உள்ளே போகிற அகலம். மழைத்தண்ணீர் முழுக்க அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண் சாய்ந்தேன். என் கண்ணுக்கு நேராக, தொட்டுவிடலாம் போல, மரகதம் அக்கா தெரிந்தார். கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தே கூப்பிட்டேன்.

"அக்கா. அங்க உக்காராதீங்க. எந்திரிச்சு முன்னால ரோட்டுக்குப் போங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி?"

"சுவரு வருதுங்க அக்கா."

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த தட்டை எடுத்தார். "சுவருங்களா? எந்த ஏரியாச் சுவருங்க தம்பி?"

என் பின்னாலேயே வந்து நின்ற சுகந்திக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. குரூப்பில் நான் தெரியாமல் கேட்டதை அவர்கள் தெரிந்தே கேட்டதாக நினைத்திருக்கிறார்கள். மேலே இருக்கிறவன் நக்கல் பண்ணுகிறான் என்று ரெண்டு நாளாக அந்தச் சுவரடியிலேயே சோறாக்கித் தின்றிருக்கிறார்கள்.

"என் சுவருங்க அக்கா. என்னோடதுதான். சத்தியமா எனக்குத் தெரியல. எந்திரிங்க."

என் குரலில் என்ன கேட்டதோ, அக்கா தட்டைப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே ஓடினார். "ஏனுங்க, எந்திரிங்க, மேல இருந்து சொல்றாங்க" என்று அண்ணனை எழுப்பும் சத்தம் கேட்டது.

சுகந்தி எனக்கு முன்னால் படியிறங்கி ஓடினாள். அந்தக் கண்ணாடியோடு ஓடியதால் காலடிப் படி முகத்துக்கு நேராக நின்றது, எங்கே மிதிப்பது என்றே தெரியவில்லை, நாலாவது படியில் அதைக் கழற்றி எறிந்தேன். நான் கீழே போய்ச் சேர்ந்தபோது அண்ணனும் அக்காவும் ரோட்டில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடம், "அடுப்புல சோறு கிடக்குது, அணைச்சுட்டு வந்தர்றேன்" என்று திரும்பினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"உடுங்க வெற்றி. சோறு கருகிப்போகும்."

"கருகட்டும்ங்ணா."

"உங்களுக்கென்னங்க, மேல நின்னுட்டுச் சொல்லுவீங்க. ஊடு என்னுது."

இழுத்தார். அறுபது வயசானாலும் ஃபேக்டரியில் மூட்டை தூக்கிய கை. நான் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் சுரீரென்றது. "என்னங்க இது, ரோட்டுல உக்காந்துட்டு, சின்னப்புள்ளையாட்டம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நீளமான சத்தம் இல்லை. கொட்டி முடிந்ததும் மழைச் சத்தம் மட்டும்.

சமையலறை இருந்த இடத்தில் செம்மண்ணும் கல்லும் கிடந்தன. என் சிமெண்ட் மேடை உடையாமல் முழுசாக வந்து அடுப்பு மேல் உட்கார்ந்திருந்தது. பக்கெட்டில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

அக்கா கத்தவில்லை. "நான் பாத்திரம் தேய்ச்ச இடம்" என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னார். அண்ணன் என் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் விடவில்லை. எங்களைப் பாபு வந்துதான் பிரித்தான்.

சாயந்திரம் ரெண்டு வீட்டையும் பூட்டிவிட்டு எங்களைச் சமுதாயக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். விவரம் எழுத தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். பெயர், வயது எழுதினார். காரணம் என்ற இடத்தில் கனமழை என்று அவரே எழுதிக்கொண்டார்.

"சார், மழை மட்டும் இல்லீங்க," என்றேன். "வாய்க்கா மேல நான் மேடை கட்டிட்டேன். தண்ணி போற வழிய அடைச்சது நானு. அதையும் எழுதுங்க."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சுகந்தி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணன் என்னிடம் பேசினார். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமை கம்பி உட்டேன். அஞ்சு ஓட்டைலயும் உட்டேன். மேல இருந்து நீங்க ஊத்துவீங்கன்னு பாத்துட்டே நின்னேன். பத்து மணி வரைக்கும் நின்னேன் வெற்றி."

"கூப்புட்டிருக்கலாமேங்ணா."

"பதினெட்டு வருசமா நான் கூப்புட்டுத்தான் ஊத்துனீங்களா?"



உப்புமா கொடுத்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டைக் கொண்டுவந்து மரகதம் அக்கா தரையில் வைத்தார். சுகந்தி நாற்காலி தேடி எழுந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டேன். வலித்தது. அக்கா தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

சாப்பிட்டதும் போனை எடுத்தேன். வியாழக்கிழமைப் படத்தைத் தேடிப் பிடித்தேன். "எந்த ஏரியாங்க இது?" என்ற என் கேள்வி அங்கேயே இருந்தது. அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அழிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்: "இது நம்ம காலனி. ஆண்டி அண்ணன் ஊட்டுக்குப் பின்னால இருக்கற என் சுவர். மேல இருக்கறவன் நான்தான்."

அனுப்பியதும் கூடத்தில் அங்கங்கே போன்கள் சத்தம் போட்டன. எதிர்ச்சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த ஆண்டி அண்ணனின் போனும் சத்தம் போட்டது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குனிந்து, ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பக்கத்தில் அக்காவிடம் காட்டி ஏதோ கேட்டார். அக்கா ஒரு இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

என் போன் அதிர்ந்தது. கட்டைவிரல் தூக்கிய பொம்மை.