கலாராணி வாசித்த அறுபத்தொரு புத்தகங்கள்

எந்த ஊர் நூலகம் என்று சொல்ல மாட்டேன். முசலிப் பக்கம், கடலை அண்டிய ஒரு சின்னக் கிளை, அது போதும். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். மன்னார்த் தீவிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் அங்கே நூலகராக உட்கார்ந்திருப்பவள் நான். பெயரை மறைக்கவும் வெட்கம், சொல்லவும் வெட்கம். அன்ரோனெற் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலாராணி முதன்முதல் வந்தது தை மாதத்தில். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வயலிலும் தோட்டத்திலும் நாட்கூலி வேலை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அங்கத்துவப் படிவத்தை நீட்டினாள். எல்லா இடமும் நிரப்பியிருந்தது. பிணையாளர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. சொந்த வீட்டுக்குச் சோலைவரி கட்டும் ஒருவரோ அரச ஊழியர் ஒருவரோ அதில் ஒப்பம் வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. புத்தகம் தொலைந்தால் அவர்தான் பொறுப்பு.

"உமக்கு ஒப்பம் வைக்க ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"யாரைக் கேட்கிறதுன்னு தெரியல மிஸ். கதைப் புத்தகம் ரெண்டு தந்தா போதும். அழுக்காக்காமக் குடுத்துருவேன்."

"நான் என்ன செய்யிறது? சட்டம் அப்பிடி. ஆரையும் பிடிச்சுக்கொண்டு வாரும்."

மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் இதே பாட்டைத்தான் பாடினேன். கடைசித் தடவை படிவத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டு, "யாராச்சும் வந்தா கேட்டுப் பாருங்க மிஸ்" என்று சொல்லிப் போனாள். நான் யாரையும் கேட்கவில்லை. மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

இனி மர்சூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிரதேச சபையின் இன்னொரு கிளைக்கு அவர்தான் நூலகர். ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் வரும் வாசிப்பு மாதத்தில், ஆகக்கூடப் புத்தகம் இரவல் கொடுத்த கிளைக்குக் கேடயம் கொடுப்பார்கள். மூன்று வருடம் தொடர்ந்து அது அவருக்குத்தான் போனது. கூட்டத்துக்குக் கூட்டம் அந்தக் கதைதான். என்னுடைய நூலகத்துக்கு ஆட்கள் வருவார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. பேப்பர் பார்ப்பார்கள், மின்விசிறிக்குக் கீழே இருப்பார்கள், போவார்கள். ஏன் புத்தகம் எடுக்கிறார்கள் இல்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மர்சூக்கின் சிரிப்பைத்தான் யோசித்தேன்.

ஆவணியில் சபையின் தலைமைக் கந்தோரிலிருந்து இரவல் ஏட்டைக் கேட்டார்கள். அனுப்புவதற்கு முதல்நாள் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கிற அங்கத்தவர்களின் பெயரில் எழுதப் பயம். அவர்களுக்குப் பிணை நின்றவர்கள் ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்க ஆளில்லாத ஒரு பெயர் வேண்டியிருந்தது. லாச்சியைத் திறந்தேன்.

அங்கத்தவர் இலக்கம் ஒன்று கொடுத்து, கலாராணி அறுபத்தொரு புத்தகம் எடுத்ததாக எழுதினேன். மர்சூக்கை முந்த அது காணும். கதிரையை விட்டு எழும்பப் பஞ்சிப்பட்டு, கைக்கெட்டிய தட்டில் இருந்த தலைப்புகளையே வரிசையாக எழுதினேன். அவளுடைய ஒப்பத்தையும் படிவத்தைப் பார்த்துப் பார்த்து நானே வைத்தேன். அறுபத்தொரு தடவை.

புரட்டாதி நடுவில் கலாராணி ஒரு கடிதத்தோடு வந்து நின்றாள். வருடத்தின் சிறந்த வாசகியாக அவளைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். விழாவுக்கு வந்து பரிசு வாங்கட்டாம். படிவத்தைப் பார்த்து நான் ஏட்டில் எழுதியிருந்த முகவரிக்குக் கந்தோர் நேராகவே அனுப்பியிருக்கிறது.

"நான் ஒரு புத்தகமும் எடுக்கலியே மிஸ்?"

உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினேன். நடந்ததைச் சொன்னேன். அதுவரை 'நீர்' போட்டுப் பேசிய வாய், தானாகவே 'நீங்கள்' என்றது.

"பிள்ளை, இதைப் பெரிசாக்கிப்போடாதேங்கோ. என்ரை வேலை போயிடும். வந்து பரிசை வாங்கினால் காணும்."

"பொய் சொல்லணுமா மிஸ்?"

"சொல்ல வேண்டாம். பேசாமல் நிண்டால் சரி."

"நான் என்னென்ன வாசிச்சேன்னு காட்டுங்க" என்றாள்.

கந்தோரிலிருந்து திரும்பி வந்திருந்த ஏட்டை விரித்தேன். விரலை வைத்து ஒவ்வொரு தலைப்பாகத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தாள். தேனீ வளர்ப்பு. நீரிழிவும் உணவும். கொங்கிறீற்றுக் கலவை. ஆடுகளுக்கு வரும் நோய்கள். பற்களைப் பேணல்.

"இதுல கதைப் புத்தகம் ஒண்ணுகூட இல்லையே மிஸ்."

அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் கவலைப்பட்டாள்.

"சரி, நான் வர்றேன். ஆனா இந்தப் புத்தகத்தையெல்லாம் தாங்க. வாசிக்கிறேன்."

படிவத்தை எடுத்துப் பிணையாளர் இடத்தில் என் ஒப்பத்தை வைத்தேன். கண்மூடித் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"நீங்களும் அரசாங்க உத்தியோகம்தானே மிஸ்," என்றாள். "அன்னைக்கே வச்சிருக்கலாமே."

தை மாதத்தில் எனக்கு அது தோன்றாமல் இல்லை. இவள் புத்தகத்தைத் தொலைத்தால் என் தலையில் விழும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. வேலை முடிந்து பின்னேரம் வந்து இரண்டிரண்டாக எடுத்துப் போனாள்.

விழாவில் மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் நான், பக்கத்தில் எங்கள் நூலகச் சிற்றூழியர் யோகராசா, அந்தப் பக்கம் முகம் வாடிப்போன மர்சூக். கலாராணி மேடைக்கு ஏறினாள். பிரதம விருந்தினர் பரிசுப் பொதியைக் கொடுத்துவிட்டு, ஒலிவாங்கியை அவளுடைய வாய்க்கு நேரே பிடித்தார்.

"அம்மா, எத்தனை புத்தகம் வாசிச்சனீங்கள்? சபைக்குச் சொல்லுங்கோ."

"ஒன்பது சேர்."



"இஞ்சை அறுபத்தொண்டெண்டு இருக்கே?"

"அது மிஸ் எழுதினது சேர். நான் இப்பத்தான் ஒன்பது முடிச்சிருக்கேன்."

பிரதம விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். "பாருங்கோ, எவ்வளவு அடக்கம்! அறுபத்தொண்டு வாசிச்சுப்போட்டு ஒன்பதெண்டு சொல்லுறா. இப்பிடி ஒரு வாசகியை உருவாக்கின நூலகர் எங்கை? எழும்புங்கோ!"

கைதட்டல் ஓயவில்லை. யோகராசா என் முழங்கையில் தட்டி, "எழும்புங்கோ மிஸ்" என்றார்.

எழும்பினேன். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள், ஒருவரும் கேட்கவில்லை. இனி நான் சொன்னால்தான் கேட்பார்கள். சொல்வதற்கு வாய் திறந்தேன் என்றுகூட என்னால் சத்தியம் பண்ண முடியாது. இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பி வணக்கம் சொன்னேன். கேடயத்தையும் போய் வாங்கினேன். இறங்கி வரும்போது மர்சூக் எழுந்து நின்று, மனதார என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் கலாராணி பரிசுப் பொதியைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"அறுபத்தொண்ணும் முடியட்டும் மிஸ். அப்புறம் எடுத்துக்கிறேன்."

மாதங்கள் போய்விட்டன. பொதி இன்னும் அங்கேயே இருக்கிறது. பேப்பர் பார்க்க வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். கந்தோருக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முன்பு அவளுடைய படிவம் கிடந்த அதே லாச்சிக்குள் அது கிடக்கிறது.

நேற்றுப் பின்னேரம் நாற்பத்துமூன்றாவதை முடித்துக்கொண்டு வந்தாள். அலுமாரியிலிருந்து நல்ல கதைப் புத்தகங்கள் இரண்டு தெரிந்தெடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

"இதைக் கொண்டுபோங்கோ, கலாராணி. உந்தக் கொங்கிறீற்றும் ஆட்டு வருத்தமும் உங்களுக்கு என்னத்துக்கு?"

கதைப் புத்தகத்தை ஆசையாக எடுத்துப் பார்த்தாள். இரண்டு பக்கம் நின்றபடியே வாசித்தாள். பிறகு மூடி என் பக்கம் தள்ளினாள்.

"நான் வாசிச்சதா எழுதியிருக்கே மிஸ். உங்க எழுத்து பொய்யாகக் கூடாதில்ல. இன்னும் பதினெட்டுதான்."

பற்களைப் பேணலை எடுத்துக் கொடுத்தேன். ஏட்டில் எழுதினேன். அவள் தன் கையாலேயே ஒப்பம் வைத்துவிட்டு, வேலிக்கரை வழியாக நடந்து போனாள். நான் வைத்த ஒப்பங்களை விட அது கொஞ்சம் கோணலாக இருந்தது.

அவள் போன பிறகு லாச்சியைத் திறந்தேன். கடிதம் இருந்தது. எடுத்து ஒருமுறை வாசித்தேன், பிழை ஒன்றும் இல்லை. திரும்ப உள்ளே வைத்து மூடிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.