வெள்ளைப் பசை

கெலமங்கலம் தாண்டி, ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில்கள் முடிகிற இடத்தில் பெரியதம்பியின் கார் நின்றுபோனது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. பின்சீட்டில் சீர்த்தட்டை மடியில் வைத்திருந்த அவர் மனைவி மாதேஸ்வரி மணியைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓசூர் நிச்சயதார்த்தத்துக்கு அவளைத் தன் காரில் கொண்டுபோய், கமலக்கண்ணன் பார்க்க இறக்கிவிட வேண்டும். காலையிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. கமலக்கண்ணன் அவள் தங்கை புருஷன். அவரும் அவனும் ஒரே வாரத்தில் வாங்கிய ஒரே மாதிரி வெள்ளைக் கார். அவனுடையது ஒருநாளும் நின்றதில்லை. அதை மாதேஸ்வரி வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

பானெட்டைத் தூக்கினார். உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி, தொட்டால் சுட்டது. இக்னிஷன் மாடூல். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுற்றச் சுற்ற, காயிலுக்குப் போகும் கரண்டை இதுதான் விட்டுவிட்டு வெட்டும். வெட்டுகிற நொடியில் பிளக்கில் பொறி பறக்கும். சூடேறினால் இதற்குப் புத்தி பேதலிக்கும், பொறி நின்றுவிடும். ஓசூர் மெக்கானிக் பாஸ்கரன் சொன்னதுதான். அவனிடம் வண்டியை விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொள்வான் என்று, மாடூலை மட்டும் வாங்கிவந்து அவரே மாட்டினார். கூடக் கொடுத்த வெள்ளைப் பசை, சீக்கிரம் கெட்டுப்போகத் தருகிற மருந்தாகத்தான் இருக்கும் என்று குப்பையில் வீசினார்.

பின்னால் இன்னொரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வேறு யார்.

"என்னா சகலை, மறுபடியுமா? மாடூலுக்கு அடியில பசை தடவுனீங்களா?"

"தடவாம?"

"தடவியிருந்தா சூடு இரும்புக்கு எறங்கிருக்குமே. எங்கிட்ட ஒரு பொட்டலம் கெடக்குது. கழட்டுங்க, பத்து நிமிசம்."

பத்து நிமிடம். அவ்வளவுதான். ஆனால் அது அவன் கையிலிருந்து வர வேண்டும், அவள் பார்த்துக்கொண்டிருக்க.

"உங்க பசை ஒண்ணும் வேணாம்."

மாதேஸ்வரி இறங்கினாள். "தட்டு நேரத்துக்குப் போவணும். நான் அவரு வண்டியில போறேன். நீங்க ஆற வெச்சிட்டு வாங்க."

தங்கை முதல்நாளே ஓசூர் போய்விட்டதால் காலியாக இருந்த முன்சீட்டில் ஏறினாள். அவன் ஏதோ சொல்ல, சிரித்தாள். தன் வண்டியில் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று பெரியதம்பி யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

முக்கால் மணி நேரம் துண்டால் விசிறினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொண்டது. விரட்டினார். சரக்கு ரயிலொன்று நின்றுபோனதால் வெகுநேரமாக மூடிக்கிடந்த ரயில்வே கேட்டில் அவர்களைப் பிடித்துவிட்டார்.

முன்னால் நின்ற காரின் கதவிடுக்கில் அவள் பட்டுப்புடவைத் தலைப்பு மாட்டித் தொங்கியது. ஆரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை. கேட் உயர்ந்தது. தலைப்பு மண்ணைக் கூட்டிக்கொண்டே நகர்ந்தது. ஆரனை அழுத்திப் பிடித்தபடி பின்னாலேயே போனார். அவர் எஞ்சின் ஒருமுறை திணறியது. முன்கார் இடப்பக்கம் ஒதுங்கி வேகம் குறைத்தது. கமலக்கண்ணனின் கை வெளியே நீண்டு, முந்திப் போங்கள், போங்கள் என்று பணிவாக ஆடிக்கொண்டே இருந்தது.