அடிமை மகன் ராஜா

கிறிஸ்து பிறந்து நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ரோமாபுரிக்கு ஒன்றல்ல, ஐந்து ராஜாக்கள். முதல் ராஜாவை அவனுடைய காவற்படையே வெட்டிப் போட்டது. அதே படை அரியணையை ஏலத்தில் விட்டது. ஏலத்தில் எடுத்தவனும் தலை தப்பவில்லை. இதற்குள் சிரியாவில் ஒருவன், பிரித்தானியாவில் ஒருவன், டான்யூப் ஆற்றங்கரையில் ஒருவன் என்று ஆளுக்கு ஆள் ராஜாவானார்கள்.

கண்டியில் படிப்பிக்கும் கிளறன்ஸ் மாஸ்டர் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்கு இதைத்தான் நாடகமாகக் கட்டினார். ராஜா வேஷத்துக்கு அடிபிடி வரும், ஐந்து ராஜா என்றால் சண்டை ஓயும் என்பது அவர் கணக்கு. ஓய்ந்ததும் உண்மை. முதல் ராஜா வேஷம் மட்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. முதலில் சாகிறவன், அதோடு, அடிமையாயிருந்து விடுபட்ட ஒருவனுடைய மகன்.

"நான் கட்டுறேங்க," என்றான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் மனுவேல். "எங்கப்பனும் கங்காணி கடன்ல கட்டிக் கூட்டியாந்த ஆளுதானே."

ஒத்திகையில்தான் வில்லங்கம். காவற்படைத் தலைவன் வேஷம், தோட்டத்தில் மனுவேலை வேலை வாங்கும் லோரன்ஸ் கணக்கப்பிள்ளைக்கு. அவர் உள்ளே வந்ததும், கதிரையில் இருந்த ராஜா விருட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். கணக்கப்பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து பழகாத உடம்பு, பாவம், ரோமாபுரியை எங்கே கண்டது. மறுபடி இருத்தினார்கள், மறுபடி எழுந்தான். லோரன்ஸ் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னொரு தரம் எழும்பினால் வேற ஆளைப் போட்டிருவன்," என்றார் மாஸ்டர்.

மனுவேலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மனைவி றீற்றாவின் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, "கணக்கப்பிள்ளை மாதிரி வந்து ஏசு," என்றான். அவள் சும்மா விடுவாளா? கலியாணமான நாள்முதல் சேர்த்து வைத்ததையும் கலந்து ஏசினாள். லயமே கூடி நின்று சிரித்தது. எழும்பப் பார்த்த கால்களைத் தொடையில் குத்திக் குத்தி உட்கார்ந்திருந்தான். திருநாள் வரைக்கும் தினம் இதுதான்.

திருநாளன்று வேஷம் கட்டிய இடத்தில் லோரன்ஸ் அவன் காதோரம் வந்தார். "முழங்கால் போடுன்னு எழுதியிருக்கு. நான் போடமாட்டேன், தலைய மட்டும் ஆட்டுவேன். நீ பாட்டுக்குப் பாடிட்டுப் போ. நாளைக்குப் பெரட்டுல வேலைக்குப் பேர் போடுறது நான்தான், மறந்துறாத."

மனுவேல் போய்க் கதிரையில் இருந்தான்.

லோரன்ஸ் வந்தார், தலையை ஆட்டினார். ராஜா எழும்பவில்லை, பாடவும் இல்லை. ஆர்மோனியம் எடுத்த அடியையே திரும்பத் திரும்ப வாசித்தது. மாஸ்டர் மறைவிலிருந்து கையைக் காட்டிக் கெஞ்சினார். மனுவேல் லோரன்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அவன் அவ்வளவு நேரம் நேருக்கு நேர் பார்த்ததே கிடையாது.

"ராஜா காத்துக்கிட்டு இருக்காருங்க," என்று பொம்பளைப் பக்கமிருந்து றீற்றாவின் குரல் வந்தது.

சனம் கசமுசவென்று பேசத் தொடங்கியது. முன்வரிசையில் கோயில் சாமியாரும் தோட்டத்துத் துரையும் இருந்தார்கள். லோரன்ஸ் முழங்காலில் விழுந்தார். மனுவேல் தொண்டை கிழியப் பாடினான். வெட்டுகிற கட்டத்தில் பலகை வாள் எழுதியதைவிடப் பலமாகவே அவன் தோளில் இறங்கியது. விழுந்து கிடந்தபோதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

விடிந்ததும் பெரட்டுக் களத்தில் லோரன்ஸ் எல்லாப் பேரையும் கூப்பிட்டார், மனுவேலைத் தவிர.

"எம்பேரு வரலைங்களே."

"ராஜாவுக்கு என்னடா வேலை, மலையில?"

வீங்கிய தோளோடு மனுவேல் ஓர் அடி முன்னால் வந்தான். "ராஜாவத்தான் நேத்தே வெட்டிட்டீங்களே. இது மனுவேலு. பேரைப் போடுங்க."

ஆட்கள் மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். லோரன்ஸின் புத்தகத்தில் பேர் விழும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.