சேக்காட்டில் நின்றுபோன பெட்டி

ஆவடி வட்டார மோட்டார் நண்பர்கள் சங்கத்தின் வரலாற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வண்டி தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆகையால் நான் சொல்வதுதான் வரலாறு. நம்புங்கள் கண்ணுகளா, முக்கால்வாசி நிஜம்.

ஆரம்பத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த நாலு பேர், அவர்களுடைய நாலு கிழட்டு ஸ்கூட்டர்கள், அவ்வளவுதான் சங்கம். ஒருவன் வண்டி நின்றால் இன்னொருவன் பின்னாலிருந்து காலால் உந்தித் தள்ளிக்கொண்டு வருவான். மறுநாள் உந்தினவன் வண்டி நிற்கும். இதைப் பார்த்து அந்த நாலு பேரில் ஒருவரான நாகப்பன் ஒரு விதி போட்டார். அவர் அப்போதே சோற்றுக்குக் குழம்பு ஊற்றுவதற்கும் விதி போடுகிற ஆள். கட்டணம் கிடையாது; யாரைச் சங்கம் காப்பாற்றுகிறதோ, அவர்தான் அடுத்து நிற்கிறவரைக் காப்பாற்றப் போக வேண்டும். அதுவரை சங்கத்துப் பெட்டி அவர் வீட்டில் இருக்கும். தகரப் பெட்டி. உள்ளே கயிறு, ஜாக்கி, ஸ்பானர், பஞ்சர் சாமான். பிற்பாடு ஒரு செல்போனும் சேர்ந்தது. பெட்டி வைத்திருப்பவர் பட்டாபிராமுக்கும் பூந்தமல்லிக்கும் வெளியே கால் வைக்கக் கூடாது.

அந்தக் காலத்து வண்டிகளின் புண்ணியத்தில் பெட்டி எந்த வீட்டிலும் மூன்று நாள் தங்கியதில்லை. சளிக்காய்ச்சல் மாதிரி வீடு வீடாகப் போய் வந்தது. சங்கமும் அறுபத்திரண்டு பேராக வளர்ந்தது.

போன அக்டோபரில் பெட்டி சேக்காட்டுக்கு வந்தது. அங்கே இருக்கும் உறுப்பினர் லோகநாயகியின் ஸ்கூட்டர் பஞ்சர். வந்த பெட்டி வந்ததுதான். பொங்கல் போயிற்று, பங்குனி போயிற்று, மே மாதம் பிறந்துவிட்டது. ஏழு மாதமாக ஒரு வண்டியும் நிற்கவில்லை. செல்போனில் கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணைத் தவிர ஒருத்தரும் கூப்பிடவில்லை.

லோகநாயகிக்கு ஞாயிற்றுக்கிழமை கோவாவுக்கு ரயில். கம்பெனி கேன்டீனில் பதினெட்டு வருஷம் அடுப்பு முன்னால் நின்று ஓய்வுபெற்ற ஐந்து பெண்கள் சேர்ந்து போட்ட திட்டம். கடல் மெரினாவிலேயே இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மா கேட்டாள்.

"மெரினால பொடவ நனஞ்சா எவனாச்சும் சொந்தக்காரன் பாத்துடுவான்டி. கோவால நம்மள எந்த நாய்க்குத் தெரியும்?"

பெட்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பல வருஷத்துக்கு முன் டேவிட் என்ற உறுப்பினர் பெட்டியை எதிர்வீட்டில் வைத்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் போனார். அன்று பார்த்து இன்னொரு உறுப்பினர் கன்னியம்மாவின் வண்டி முத்தாபுதுப்பேட்டையில் கொட்டும் மழையில் நின்றது; காப்பாற்றப் போக ஆளில்லை. அடுத்த பொதுக்குழுவில் லோகநாயகி எழுந்து, "பொட்டிய உட்டுட்டுப் போறவன் நாளைக்கு பொண்டாட்டியவும் உட்டுட்டுப் போவான்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாள். டேவிட் சங்கத்தை விட்டே போய்விட்டார். அந்தப் பேச்சுக்காகவே அவளை உதவித் தலைவி ஆக்கினார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது சலுகை கேட்க முடியுமா?

ஆகவே யாருடைய வண்டியாவது நின்றாக வேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் போன் போட்டாள்.

"ஜெர்வின், வண்டி எப்டி கீது?"

"சூப்பரா ஓடுதுக்கா."

"சத்தம் கித்தம் எதுனா?"

"இல்லக்கா."

"நல்லா காது குடுத்து கேளு நைனா. பழைய வண்டி."

"யக்கா, மூணாவது தபா போன் பண்ற. எவன் சாவான்னு பாட கட்டிகினு வாசல்ல குந்திகினு கீறவன் மாரி இன்னாக்கா இது?"

புதன்கிழமை அம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். யார் பேருக்கு என்று பூசாரி கேட்டார். "பேரு வேணாம் சாமி, வண்டி நம்பர் சொல்றேன்" என்றாள். பூசாரி தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோவா கோஷ்டியில் ஹில்டாவும் சங்கத்து ஆள். அவளிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நீ நின்ன மாரி கொஞ்சம் நடிக்கக் கூடாதா ஹில்டா?"

"பொய் பாவம். பாவத்தக்கூட ஃபாதராண்ட சொல்லிக்கலாம். ஆனா பொட்டி என் ஊட்டுக்கு வந்துடுமே, அத யாராண்ட சொல்றது? நான் கோவாக்குப் போவ வாணாமா?"

நியாயம்தான். நிற்கிறவர் தலையில் அல்லவா பெட்டி விடியும்.

சனிக்கிழமை காலை லோகநாயகி பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, நெடுஞ்சாலையில் வட்டமிடப் புறப்பட்டாள். உறுப்பினர் வண்டி ஒவ்வொன்றின் பின்னாலும் சங்கத்து மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். சென்னீர்குப்பத்தில் அந்த மஞ்சளைப் பார்த்தாள். சாலையில் அல்ல, உயரத்தில். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் மீட்பு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஒரு வெள்ளைக் கார். லாரியின் முன்சீட்டில், மே மாத வெயிலில், தலையைச் சுற்றி மஃப்ளர் கட்டிய ஒருவர்.

முந்திப் போய் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினாள். லாரி ஓட்டி வந்த கிரண் பிரேக் போட்டுத் தலையை நீட்டினான்.

"யக்கா! ஊட்ல சொல்லிகினு வந்தியா?"

"உன்னாண்ட பேச்சில்ல. உள்ள மாரியாத்தா மாரி முக்காடு போட்டுகினு குந்திகினு கீறாரே, அவர எறங்கச் சொல்லு."

நாகப்பன் இறங்கினார். சங்கத்தின் நிறுவனர், செயலாளர், விதிகளின் தகப்பன். மஃப்ளரை அவிழ்க்கவில்லை.

"லோகா... கோச்சுக்காத. பொட்டி உன் ஊட்லயே நல்லா கீதேன்னு..."

"உன் வண்டி நின்னுது. சங்கத்த கூப்டாம கம்பெனிய கூப்ட."

"நான் மட்டுமா? அரவிந்தன் வண்டி மார்கழில நின்னுது. ஜெர்வின் வண்டி ரெண்டு தபா. மொத்தம் பதினோரு வண்டி. பொட்டி வந்தா மாசக்கணக்குல அசைய முடியாதுன்னு எல்லாம் பயந்துகினு கம்பெனிக்கு போன் பண்றானுங்க."

"பயந்துகினு கம்பெனிய கூப்டறதாலதான அண்ணாத்தே அது மாசக்கணக்குல அசையல!"

நாகப்பன் மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றினார். இந்தக் கணக்கு அவர் விதியில் இல்லை.

"எறக்கு நைனா வண்டிய" என்றாள் கிரணிடம். அவன் நாகப்பனைப் பார்த்தான். நாகப்பனுக்குள் இருந்த செயலாளர் விழித்துக்கொண்டார்.

"லோகா, விதிப்படி வண்டி ஓடணும். ஓட வச்சாத்தான் காப்பாத்துனதா அர்த்தம். ஓடலன்னா பொட்டி உன்னுதுதான்."

"இன்னா ஆச்சு வண்டிக்கு?"

"டேஷ்போர்டு முருகருக்கு சீரியல் லைட் போட்டேன். கார்த்தால வந்து பாத்தா பேட்டரி அவுட்டு. சாவி திருப்புனா செத்த எலி மாரி கீது."

லோகநாயகிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அறுபத்திரண்டு பேர் சங்கத்தில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தள்ளத் தெரியாதா? எதிர் டீக்கடைக்குப் போய், "கொஞ்சம் கை குடுங்கப்பா, என் வாழ்க்கப் பிரச்சன" என்றாள். ஆறு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். கிரண் காரை இறக்கித் தானும் தோள் கொடுத்தான். அவன் வேலைக்கு ஆப்பு வைக்கிற காரியம்; ஆனாலும் ஒரு கிழவியும் கிழவரும் ரோட்டில் சண்டை போடும்போது நடுவில் விட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

"ரெண்டாவது கியர்ல போடு! கிளட்ச்ச அமுக்கு! நான் சொன்னதும் உடு!" என்று ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த நாகப்பனுக்கு லோகநாயகி குரல் கொடுத்தாள்.

முதல் தடவை கார் குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை முருகரைச் சுற்றி இருந்த விளக்கு மட்டும் மினுக்கியது. மூன்றாவது தடவை லோகநாயகி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகி, கோவாக் கடலையே தள்ளுகிறவள் மாதிரி தள்ளினாள். கார் இருமியது, புகைவிட்டது, உறுமியது.

டீக்கடை கைதட்டியது. லோகநாயகி பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"லோகா, ஒரு நிமிஷம்" என்று நாகப்பன் ஜன்னல் வழியாகக் கெஞ்சினார். "விதிய மாத்திடலாம். யார் ஊட்லயும் மூணு நாளுக்கு மேல பொட்டி கெடக்கக் கூடாதுன்னு."

"அருமையான விதி அண்ணாத்தே. எனக்கும் சம்மதம். ஆனா பொதுக்குழு கூட்டணுமே. உதவித் தலைவி இல்லாம கூட்டம் செல்லாதுன்னு நீதான எய்தி வச்ச?"

"நீ எப்ப வருவ?"

"பத்து நாள் ஆவும். தண்ணி நல்லா இருந்தா பதினஞ்சு."

ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போயே விட்டாள். நாகப்பனால் எஞ்சினை அணைக்க முடியவில்லை. அணைத்தால் மறுபடி கிளம்பாது. கிளம்பாவிட்டால் சங்கத்தின் சார்பில் அவரை அவரே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பூந்தமல்லி வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். டீக்கடைக்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் லோகநாயகி ஆவடி மார்க்கெட்டில் பூப்போட்ட தொப்பி ஒன்றைக் கொண்டைமேல் வைத்து, அது நிற்கிறதா என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.